மணி என்ன, எவ்வளவு நேரம் ஆயிற்று: கெர்னலுக்கு ஏன் இரண்டு கடிகாரம்

2017 ஜனவரி 1. ஆண்டின் முதல் சூரியனைப் பார்க்கப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு இருட்டோடு வந்தவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அதிகாலை 5:29:59-க்கும் 5:30-க்கும் நடுவே, உலகம் முழுவதற்கும் பொதுவாக, ஒரு வினாடி கூடுதலாகச் செருகப்பட்டது. பூமியின் சுழற்சி அணுக் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை என்பதால் 1972 முதல் அவ்வப்போது செய்யப்படும் திருத்தம் இது. அன்று செருகப்பட்டது 27-ஆவது. கிரீன்விச்சில் அது நள்ளிரவு. நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுவதால் நமக்கு விடியற்காலை. கடற்கரையில் நின்ற யாருக்கும் அது தெரிந்திருக்காது.

கணினிகளுக்குத் தெரிந்தது. 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணிவரும் யூனிக்ஸ் கணக்கில் ஒரு நாளுக்கு 86,400 வினாடிதான். அறுபதாவது வினாடி என்று ஒன்றை எழுத அதில் இடமே கிடையாது. ஆகவே லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 5:29:59-ஐ இரண்டு முறை ஓட்டியது. அந்தச் சமயத்தில் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின், இணையதளப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் வழக்கம்போல ஒரு கேள்வியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கழித்துப் பார்த்தன. அனுப்பிய நேரத்தைவிடப் பதில் வந்த நேரம் முந்தியதாக இருந்தது. விடை எதிர்ம எண். கோ மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல் அந்த எண்ணை ஒரு சமவாய்ப்பு எண் செயற்கூறுக்குக் கொடுத்தது. எதிர்ம எண்ணைத் தந்தால் நிரலையே நிறுத்திவிடும் செயற்கூறு அது. டிஎன்எஸ் கேள்விகளில் ஒரு சிறு பங்குக்குப் பதில் கிடைக்காமல் போயிற்று. திருத்தம் ஒரே ஓர் எழுத்து: 'சுழிக்குச் சமமா' என்று இருந்த சோதனையைச் 'சுழியோ அதற்குக் குறைவோ' என்று மாற்றினார்கள்.

அந்த நிரலை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்த நேரத்திலிருந்து கழிப்பதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் செய்திருந்தேன்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓர் இறால் குட்டைக்கு, நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் செய்து கொடுத்தேன். உள்ளே ஒரு சிறிய கெர்னல், ஒரு சிம் கார்டு, நேரம் காக்க ஒரு பட்டன் பேட்டரி. நாற்பது நிமிடம் துடுப்புச் சக்கரம் சுற்ற வேண்டும். மோட்டார் சூடு தணிய இருபது நிமிடம் நிற்க வேண்டும். குட்டை நீரில் உள்ள பாசியும் நுண்ணுயிர்களும் இரவெல்லாம் ஆக்ஸிஜனை இழுக்கின்றன. அது மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்னால். பெட்டியைப் பொருத்தியபோது நேரம் கையால் பதியப்பட்டது, இரண்டு மணி நேரம் கூட்டி. பிழை யாருடையது என்பது இங்கே முக்கியம் இல்லை. ஓர் இரவு மூன்று மணி அளவில் செல்பேசிக் கோபுரத்திலிருந்து சரியான நேரம் வந்தது. பெட்டி தன் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அது நேர்மையான திருத்தம். ஆனால் அப்போது மோட்டார் ஓய்வில் இருந்தது. எப்போது மறுபடி ஓட வேண்டும் என்று நிரல் குறித்து வைத்திருந்த மணி திடீரென்று இரண்டு மணி நேரம் தள்ளிப் போயிற்று. இருபது நிமிட ஓய்வு இரண்டு மணி இருபது நிமிடம் ஆகியிருக்கும். இறால்கள் கரையோரம் மேலே வந்து மொய்ப்பதைக் காவலுக்கு இருந்தவர் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டார். சுவிட்சைக் கையால் போட்டார். அவர் அன்று தூங்கியிருந்தால் குட்டை போயிருக்கும்.

தமிழில் நாம் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறோம். 'மணி என்ன?' என்பது ஒன்று. 'எவ்வளவு நேரம் ஆயிற்று?' என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை ஊர் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. கடலூர், இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் பாகை மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாகப் பார்த்தால், கடிகாரத்தில் 12 அடித்துப் பதினொரு நிமிடம் கழித்துத்தான். 1906-க்கு முன் இந்த வட்டாரத்து ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்திய நேரமே ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. தள்ளி வைத்த இரவில் அடுப்பில் கொதித்த உலை அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் பொங்கிவிடவில்லை.

இரண்டாவது கேள்விக்கு நம் முன்னோர் தனிக் கருவியே வைத்திருந்தார்கள். நிழலைப் பார்த்துப் பொழுது சொன்னார்கள். நாழிகை வட்டில் என்ற நீர்க் கடிகாரத்தில் நீரைப் பார்த்துக் கடந்த நேரம் சொன்னார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அரண்மனையில் நாழிகைக் கணக்கர் என்றே ஆட்கள் இருந்தார்கள். மேகம் மூடினால் நிழல் போய்விடும், வட்டிலில் நீர் போகாது. இப்போது மணி என்ன என்று வட்டிலிடம் கேட்க முடியாது. எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்று தெரிந்தால்தான் அதன் விடைக்குப் பொருள். இந்த வட்டில்தான் கெர்னலுக்கும் வேண்டும். மோனோடோனிக் கடிகாரம் என்று அதைச் சொல்கிறார்கள். பள்ளிக் கணிதத்தில் ஓரியல்புச் சார்பு என்று படித்தோமே, அதே ஓரியல்புதான்: மேலே போகும் அல்லது அப்படியே நிற்கும், கீழே இறங்காது.

கெர்னல் இதை எப்படிக் கட்டுகிறது என்பதை விரிவாகச் சொல்கிறேன். 'ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதுதானே' என்று தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

அடியில் இருப்பது ஒரு குவார்ட்ஸ் படிகமும் அதன் துடிப்பை எண்ணும் ஒரு வன்பொருள் எண்ணியும். பழைய கணினிகளில் பரவலாக இருந்த ஒன்று ஏசிபிஐ மின்மேலாண்மை டைமர். வினாடிக்கு 35,79,545 துடிப்பு; அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக மலிவாகக் கிடைத்த படிகத்தின் வழி வந்த எண் அது. பல பலகைகளில் இந்த எண்ணி 24 பிட் (இரும இலக்கம்) மட்டுமே. அதாவது 1,67,77,216 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழிக்குத் திரும்பிவிடும். கணக்கிட்டால் 4.69 வினாடிக்கு ஒரு முறை. கீழே இறங்கவே கூடாத கடிகாரத்தை, ஐந்து வினாடிக்குள் கீழே விழும் எண்ணியை வைத்துக் கட்ட வேண்டும்.

இதற்கு வழி எண்ணியின் மதிப்பை நம்பாமல் அதன் வித்தியாசத்தை நம்புவது. போன முறை படித்த மதிப்பை வைத்துக்கொண்டு, இந்த முறை படித்ததிலிருந்து 24 பிட்டுக்குள் கழித்தால், நடுவே ஒரு முறை சுழி தாண்டியிருந்தாலும் விடை சரியாக வரும். அந்த விடையை 64 பிட் கூட்டுத்தொகையில் சேர்க்க வேண்டும். ஒரே நிபந்தனை: 4.69 வினாடிக்குள் ஒரு முறையாவது படித்தாக வேண்டும். இரண்டு சுற்று போய்விட்டால் எத்தனை சுற்று போயிற்று என்று தெரியாது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வேலையில்லாத பிராசஸரை நீண்ட நேரம் தூங்க விடும் இன்றைய கெர்னல்கள், எண்ணி தாங்கும் நேரத்துக்கு மேல் தூங்கக் கூடாது என்று தமக்கே ஒரு வரம்பு வைத்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்தது துடிப்பை நானோ வினாடியாக மாற்றுவது. மேலே சொன்ன எண்ணியில் ஒரு துடிப்பு 279.365 நானோ வினாடி. கெர்னலுக்குள் தசமக் கணக்கைத் தவிர்ப்பார்கள், வகுத்தலையும் தவிர்ப்பார்கள். இரண்டுக்கும் செலவு அதிகம். ஆகவே 2,86,070-ஆல் பெருக்கி, விடையைப் பத்து பிட் வலப்பக்கம் நகர்த்துகிறார்கள், அதாவது 1,024-ஆல் வகுக்கிறார்கள். 279.365 வந்துவிடுகிறது. இந்த முழு எண்ணாக்கத்தால் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.037 வினாடி பிசகும். இன்னும் பெரிய பெருக்கெண் எடுத்தால் பிசகு குறையும். ஆனால் பெருக்கல் விடை 64 பிட்டைத் தாண்டிவிடும் ஆபத்து கூடும். நகர்த்தியதும் கீழே விழும் மிச்சப் பிட்டுகளை எறிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரு நானோ வினாடிக்குள்தான் போகிறது என்று விட்டால், எப்போதும் ஒரே பக்கம் விழும் பிழை அது. கடிகாரம் நிரந்தரமாகப் பின்தங்கும். மளிகைக் கடைக்காரர் பாக்கிக் காசைச் சிட்டையில் எழுதி வைப்பதுபோல் மிச்சத்தை அடுத்த கூட்டலுக்கு வைத்திருக்க வேண்டும்.

கூட்டுத்தொகை 64 பிட். பெட்டியில் இருக்கும் பிராசஸர் 32 பிட் என்றால் அடுத்த சங்கடம். படிக்க இரண்டு முறை கை நீட்ட வேண்டும். பழைய பஸ்ஸின் கிலோமீட்டர் காட்டி 1999-லிருந்து 2000-க்குத் திரும்பும் தருணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கத்தை 1 என்று படித்துவிட்டீர்கள். கண்ணை நகர்த்துவதற்குள் சக்கரம் உருண்டுவிட்டது. மீதியை 000 என்று படிக்கிறீர்கள். 1000 என்று எழுதிக்கொள்வீர்கள். நானோ வினாடியில் எண்ணும் கெர்னலில் இதே விபத்து நடந்தால் நேரம் 4.29 வினாடி பின்னால் போனதாகத் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை நடந்தாலும் நடந்ததுதான். மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியாது என்பதால் பிடிப்பதும் கடினம். லினக்ஸ் இதற்கு ஒரு வரிசை எண் வைத்திருக்கிறது. மாற்றத் தொடங்கும்போது அந்த எண் ஒற்றைப்படை ஆகும், முடிந்ததும் இரட்டைப்படை. படிப்பவர் முன்னும் பின்னும் அதைப் பார்க்கிறார்; ஒற்றைப்படையாக இருந்தாலோ இடையில் மாறியிருந்தாலோ படித்ததை எறிந்துவிட்டு மறுபடி படிக்கிறார். படிப்பவர் யாரும் பூட்டுப் போட வேண்டியதில்லை. எனக்கு இந்த உத்தியின் மேல் தனி மரியாதை உண்டு.

பல கோர்கள் (தனித்தனியே நிரலை ஓட்டும் பகுதிகள்) உள்ள பிராசஸரில் ஒவ்வொரு கோரும் தனக்கென்று ஒரு துடிப்பு எண்ணி வைத்திருக்கும். டிஎஸ்சி என்பது அதன் பெயர். படிப்பதற்கு மிக வேகமானது. ஆனால் பழைய பிராசஸர்களில் மின்சிக்கனத்துக்காக வேகம் குறையும்போது அந்த எண்ணியும் மெதுவாகிவிடும். ஒரு கோரின் எண்ணி மற்றொன்றைவிடப் பின்தங்கியிருந்தால், நிரல் கோர் மாறும் கணத்தில் காலம் பின்னால் போகும். லினக்ஸ் தொடக்கத்திலேயே கோர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறது; ஓடும்போதும் வேறொரு கடிகாரத்தைக் காவலுக்கு வைத்து, டிஎஸ்சி தவறினால் அதை ஒதுக்கிவிடுகிறது. 'போன முறை சொன்னதைவிடக் குறைவாக வந்தால் போன முறை சொன்னதையே சொல்' என்று ஒரு வரி எழுதி முடிக்கும் பழக்கமும் உண்டு. கடைசிக் காப்பாக அது இருக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பினால் எண்ணி உடைந்துகிடப்பது வெளியே தெரியாமலே போய்விடும்.

இப்போது 'மணி என்ன' என்பதற்கு விடை சொல்லும் சுவர்க் கடிகாரத்துக்கு வருவோம். என் கருத்தில் வடிவமைப்பின் உயிர்நாடி இதுதான்: கெர்னலில் அடிப்படையாக ஓட வேண்டியது ஓரியல்புக் கடிகாரம், அதோடு ஓர் இடைவெளியைக் கூட்டினால் கிடைப்பது சுவர் நேரம். யாராவது நேரத்தை மாற்றினால் இடைவெளி மட்டுமே மாற வேண்டும், அடியில் ஓடுவதைத் தொடவே கூடாது. லினக்ஸ் வரலாற்றில் இது தலைகீழாக இருந்தது. சுவர் நேரம் முதலில் வந்தது; ஓரியல்பு நேரத்தைப் பெற அதோடு கூட்டுவதற்கு ஓர் எண் வைக்கப்பட்டது. சுவர் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினால் அந்த எண்ணை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள், கூட்டுத்தொகை மாறாது. கணக்கு ஒன்றேதான். ஆனால் ஒன்றை மாற்றி மற்றொன்றைச் சொல்ல மறந்துவிடும் இடங்கள் கூடிவிடுகின்றன.

2012 ஜூலை 1 அதிகாலை 5:30-க்கு அது நடந்தும் விட்டது. அன்றும் ஒரு கூடுதல் வினாடி. லினக்ஸ் சுவர் நேரத்தை ஒரு வினாடி பின்னுக்கு வைத்தது; நுண்டைமர்களைக் கவனிக்கும் பகுதிக்கு அதைச் சொல்லவில்லை. சுவர் நேரத்தை நம்பியிருந்த டைமர்கள் எல்லாம் ஒரு வினாடி முன்னதாக அடிக்கத் தொடங்கின. அரை வினாடி தூங்க நினைத்த நிரல் உடனே எழுப்பப்பட்டது, மறுபடி தூங்கப் போயிற்று, மறுபடி எழுப்பப்பட்டது. உலகெங்கும் சர்வர்களில் ஜாவா நிரல்களும் தரவுத்தளங்களும் பிராசஸரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டன. பலருக்குக் கிடைத்த நிவாரணம் விசித்திரமானது: தேதிக் கட்டளையால் அப்போதைய நேரத்தையே மறுபடி ஒரு முறை பதிந்தார்கள். கெர்னல் அப்போதுதான் டைமர்களுக்குச் செய்தி சொல்லிற்று.

கூடுதல் வினாடியை 2035-க்குள் கைவிட 2022 நவம்பரில் உலக நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. அதனால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாது. சுவர்க் கடிகாரம் தாவுவதற்கு நம் ஊரில் வேறு காரணங்கள் தாராளமாக இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த பின் பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. திரும்பி வந்தபோது, பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்த பழைய கணினிகள் தங்கள் பலகை தயாரான ஆண்டுக்குப் போய் எழுந்தன. நெட் கிடைத்ததும் ஒரே தாவலில் பல ஆண்டுகள் முன்னால் வந்தன. கோடையில் இன்னொன்று. நேரம் காக்கும் 32,768 துடிப்புப் படிகம் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரப் பெட்டிக்குள் 45 டிகிரி ஏறினால் நாளொன்றுக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல் பின்தங்கும்.

அந்தப் பிசகை நெட்வழி நேரம் திருத்துகிறது. என்டிபி சேவை சிறு பிசகு என்றால் தாவாமல், கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ இழுத்துக்கொள்ளும். பத்து லட்சத்துக்கு 500 பங்குதான் வரம்பு. லினக்ஸில் இந்த இழுப்பு ஓரியல்புக் கடிகாரத்துக்கும் உண்டு. இது சரி என்றே நான் நினைக்கிறேன்: கீழே இறங்காததோடு, அது சொல்லும் ஒரு வினாடி உண்மையான ஒரு வினாடிக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். ஆனால் வேகத்தை மாற்றுவதென்றால் பெருக்கெண்ணை மாற்றுவது. ஏற்கெனவே எண்ணப்பட்டு இன்னும் கூட்டுத்தொகையில் சேராத துடிப்புகளைப் பழைய பெருக்கெண்ணில் சேர்த்து முடித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். மறந்தால், ஒரு கணம் முன்பு சொன்ன நேரத்தைவிடக் குறைவான நேரத்தைச் சொல்லும் ஓரியல்புக் கடிகாரம் கிடைக்கும்.

லேப்டாப்பை மூடித் தூங்க வைத்தால் இந்தக் கடிகாரமும் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா? யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரம் 2001 பதிப்பில் ஓரியல்புக் கடிகாரத்தைச் சேர்த்தது. இதற்கு மட்டும் அதில் விடை இல்லை. லினக்ஸில் நிற்கிறது, ஆப்பிள் கணினியில் அதே பெயருள்ள கடிகாரம் ஓடுகிறது. தூங்கிய நேரத்தையும் எண்ண லினக்ஸ் 2011-இல் பூட்டைம் என்று தனியாக ஒன்று சேர்த்தது. 2018-இல் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று 4.17 பதிப்புக்கான வேலையில் முயன்றார்கள். தூங்கி எழுந்ததும், சேவைகள் உயிரோடு இருப்பதாகத் தெரிவிக்க வேண்டிய காவல் நேரம் கடந்துவிட்டதாகக் கணக்கிட்டு அவை கொல்லப்பட்டன. பதிப்பு வெளிவரும் முன்னே மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். தேவைகள் இரண்டு, கடிகாரங்களும் இரண்டாகவே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. 'இந்த வேலை பத்து வினாடிக்குள் முடிந்ததா' என்று கேட்பவருக்கு நிற்பது வேண்டும். 'கொடுத்த அனுமதி ஒரு மணி நேரம் ஆகிவிட்டதா' என்று கேட்பவருக்கு ஓடுவது வேண்டும்.

கெர்னலில் சேர்த்தால் மட்டும் போதாது, கேட்பவர் கைக்கும் அது வர வேண்டும். கிளவுட்ஃப்ளேர் விபத்து நடந்த காலத்தில் லினக்ஸில் ஓரியல்புக் கடிகாரம் பல ஆண்டுகளாக இருந்தது. கோ மொழியின் பொது நேர நூலகம் அதைத் தரவில்லை. 2017 ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பில்தான் ஒவ்வொரு நேரக் குறிப்போடும் ஓரியல்பு மதிப்பும் சேர்ந்து வரத் தொடங்கியது. பைத்தானுக்கு 2012-இல், 3.3 பதிப்பில் வந்தது. சி மொழியில் இழைகளை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளை) நேர வரம்போடு காத்திருக்க வைக்கும் பாசிக்ஸ் செயற்கூறு, சொல்லி மாற்றாவிட்டால், இன்றும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்க்கிறது.

என் பெட்டியின் கெர்னலைத் திருத்தி எழுத ஒன்பது நாள் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் சோதனைக்குப் போயிற்று. லினக்ஸின் பழைய 32 பிட் எண்ணி, வினாடிக்கு நூறு துடிப்பு என்றால், 497 நாளுக்கு ஒரு முறைதான் சுழி தாண்டும். அவ்வளவு நாள் யாரும் சோதனையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதனால் லினக்ஸ்காரர்கள் அந்த எண்ணியைச் சுழியில் தொடங்காமல், சுழி தாண்ட ஐந்து நிமிடம் இருக்கும் மதிப்பில் தொடங்கி வைத்தார்கள். பிழை இருந்தால் ஐந்தாவது நிமிடத்திலேயே மேசையில் தெரிந்துவிடும். அதையே நானும் செய்தேன். குட்டைக்கரையில் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும், பெட்டி எழுந்து ஐந்தாவது நிமிடத்தில் உள்ளே அந்த எண் ஒரு முறை சுழியைத் தாண்டுகிறது. அப்போது வெளியே சக்கரம் நாற்பது நிமிட ஓட்டத்தில் இருக்கிறது. இன்னும் முப்பத்தைந்து நிமிடம் சுற்றும்.